ஒலியை வைத்துப் பாட்டை அடுக்குவது: பெரிய இசைத் தொகுப்புக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரிய இசைத் தொகுப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம், முன்பு கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர்களிடம், தெருக்கூத்து வாத்தியார் வீடுகளில். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் பத்தாயிரம், இருபதாயிரம் கோப்புகள் கிடக்கும். 'நியூ போல்டர் 3', 'அம்மன் ஹிட்ஸ் புதுசு', 'ட்ராக் 07', 'கூத்து சைடு பி' என்றுதான் பெயர்கள். சினிமாப் பாட்டென்றால் பல்லவியைத் தட்டித் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பென்னாகரம் பக்கத்துத் திருவிழாவில் பதிந்த பம்பையையும், ஊத்தங்கரைப் பக்கம் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தையும், தேன்கனிக்கோட்டை வட்டாரத்துக் கன்னட, தெலுங்கு பஜனையையும் அப்படித் தேட முடியாது. அவற்றுக்கு முகவரி அவற்றின் ஒலிதான்.

ஒலியை அளந்து, ஒத்தவற்றை அருகருகே வைக்கும் இலவச மென்பொருள்கள் இன்று நிறைய உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்டுடியோவில் பதிந்த மேற்கத்திய இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் பதிவுகளை அப்படியே உள்ளே போட்டால் இசையைப் பிரிக்காமல் கேசட்டைப் பிரித்துக் கொடுக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் அலசலுக்கு முந்தைய வேலைக்கு அதிக இடம் தந்திருக்கிறோம்.

நகல் எடுத்த பிறகே வேலை

மூல டிஸ்க்கில் எதையும் மாற்றக் கூடாது. முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, மூலத்தை உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். வேலைக்கு ஒன்று, பத்திரத்துக்கு ஒன்று, முடிந்தால் வேறு வீட்டில் ஒன்று என மூன்று பிரதி இருப்பது நல்லது.

இடக்கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுகள் பத்தாயிரம் என்றால் 50 ஜிபிக்குள் அடங்கும். கேசட்டிலிருந்து 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக எடுத்தது நிமிடத்துக்குப் பத்தரை எம்பி. சி-60 கேசட் ஒன்றுக்கு 635 எம்பி வரும். அதையே ஃபிளாக் ஆக்கினால் தரம் துளியும் குறையாமல் ஏறத்தாழ பாதி இடத்தில் நிற்கும். கூத்தையும் பம்பையையும் ஃபிளாக்கிலேயே வையுங்கள். அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லாமல் இருக்கலாம்.

ஒரே பாட்டு ஒன்பது இடத்தில்

கடை கடையாக, பென் டிரைவ் பென் டிரைவாகச் சேர்ந்த தொகுப்பில் இரட்டிப்புகள் ஏராளமாக இருக்கும். இரண்டு சுற்றாகக் களையுங்கள்.

முதல் சுற்றில் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவை. 'ச்காவ்கா' போன்ற இலவச மென்பொருள் இதை விரைவாக முடித்துவிடும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில் ஒலி ஒன்றாகவும் கோப்பு வேறாகவும் இருப்பவை. இதற்கு ஒலிக் கைரேகை வேண்டும். 'குரோமாபிரிண்ட்' என்னும் முறை பாட்டை ஒற்றை ஒலித்தடமாக்கி, 11,025 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, ஒவ்வொரு நொடித் துணுக்கிலும் பன்னிரண்டு சுரத்தானங்களில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்த்து எண்வரிசையாக எழுதிவைக்கும். ச்காவ்காவிலேயே இசைக் கோப்புகளை உள்ளடக்கத்தால் ஒப்பிடும் வசதி இருக்கிறது. 'மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு' இதே கைரேகையை 'அக்கவுஸ்டிக் ஐடி' தரவுத்தளத்தில் தேடி, சினிமாப் பாட்டுக்குப் படம், பாடகர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டுவரும். பிக்கார்டில் வேலையைத் தொடங்குமுன், கோப்பின் பெயரை மாற்றும் அமைப்பையும் இடம் மாற்றும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒரே பாட்டு பத்துத் தொகுப்பு ஆல்பங்களில் இருக்கும். தவறான ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டு கோப்புகள் சிதறிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

கைரேகை தவறும் இடங்கள் மூன்று. பொதுவாக அது முதல் 120 நொடியை மட்டுமே பார்க்கும். ஆகவே ஒரே கூத்துப் பதிவை இருவர் வெவ்வேறு இடத்தில் வெட்டியிருந்தால் பொருந்தாது. அடுத்து, வெவ்வேறு டெக்கில் ஓட்டி எடுத்த பிரதிகள். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஒரு டெக் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்தானம் ஏறிவிடும். கைரேகைக்கு அது வேறு பாட்டு. மூன்றாவது, பாட்டுக்கு முன்னால் நீண்ட மைக் அறிவிப்பு உள்ளவை. இந்த மூன்று வகையையும் காதால்தான் பிடிக்க வேண்டும்.

இரட்டையில் எதை வைத்துக்கொள்வது? பிட்ரேட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 128-இல் இருந்ததை யாரோ 320 ஆக மாற்றியிருப்பார்கள். கோப்பு பெருத்ததே தவிர ஒலி தேறியிருக்காது. 'ஸ்பெக்' என்னும் சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்து நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல மேற்பகுதி கறுத்திருந்தால் அது பெரும்பாலும் 128-இல் இருந்து ஊதிப் பெருக்கியது. பழைய கேசட் பதிவில் மேல் ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறையும். அதை இந்த வெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேசட்டின் குணத்தைக் கழற்றுவது

ஒத்த ஒலிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தைப் பின்னால் போடப் போகிறோம். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களின் வரைபடங்களில் ஒரு மூலையில் இரைச்சல் கேசட்டுகள், இன்னொரு மூலையில் குழாய் ஸ்பீக்கர் பதிவுகள், நடுவில் சினிமாப் பாட்டுகள் என்று நிற்கும். பம்பை நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கும். மென்பொருளின் மேல் பிழையில்லை. அது கேட்ட ஒலியில் மிகப் பெரிய வேறுபாடு அதுதான். இசைத் தகவல் ஆய்வில் இது நெடுநாளாகத் தெரிந்த சிக்கல்: ஒரே ஸ்டுடியோ, ஒரே ஆல்பம் என்பதாலேயே பாட்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அலசலுக்கென்றே தனிப் பிரதி தயார் செய்யுங்கள். கேட்பதற்கான நல்ல கோப்பு அப்படியே இருக்கட்டும். அலசல் பிரதியில் செய்ய வேண்டியவை இவை:

1. ஒற்றை ஒலித்தடம், 22,050 ஹெர்ட்ஸ்.
2. அறிவிப்பு, கைதட்டல், வெற்று இடம் ஆகியவற்றை நீக்குதல். நம்மூர்ப் பதிவுகளில் 'இன்னார் நூற்றியொரு ரூபாய் அன்பளிப்பு' என்ற அறிவிப்பு பாதிப் பாட்டை விழுங்கியிருக்கும். அது உள்ளே இருந்தால் பேச்சு அதிகமுள்ள கோப்புகளெல்லாம் ஒரு குழுவாகிவிடும்.
3. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் எல்லாக் கோப்பிலும் வெட்டுதல். குழாய் ஸ்பீக்கருக்கும் தேய்ந்த கேசட்டுக்கும் மேலே பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டுடியோப் பாட்டையும் அதே வரம்புக்குள் கொண்டுவந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். பம்பையின் தாழ்ந்த பக்கம் மெலிந்து கேட்டால் கீழ் வரம்பை 60-க்கு இறக்குங்கள்.
4. சராசரி ஒலியளவை எல்லாவற்றிலும் ஒன்றாக்குதல். எதிர்மறை 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) போதும். உச்ச அளவை மட்டும் சமன் செய்தால் பயனில்லை. ஒரு வேட்டுச் சத்தம் உச்சத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டை அமுக்கிவிடும்.

'ஆடாசிட்டி' என்னும் இலவச ஒலித்திருத்த மென்பொருளில் இவற்றை ஒரு மேக்ரோவாக (வரிசையாக ஓடும் கட்டளைகளாக) எழுதி, கோப்புறை முழுவதற்கும் ஓட்டலாம். அறிவிப்பை வெட்டுவது மட்டும் கைவேலை.

நாடா வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கரண்டில் ஓடிய மைக் செட் பதிவுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டாத கோப்பை ஆடாசிட்டியின் நிறமாலை அலசலில் அளவை 65,536 என்று வைத்துப் பாருங்கள். அப்போது முக்கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவான வேறுபாடு தெரியும். இரைச்சல் 51.5-இல் நின்றால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று பொருள். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்டில் 0.971 என்று கொடுத்தால் சரியாகும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஜெனரேட்டரில் ஓடிய செட்டுக்கு இந்த அளவுகோல் செல்லாது. மிகத் துல்லியமாக 50-இல் நிற்கும் இரைச்சல் நீங்கள் கணினியில் ஏற்றும்போது புகுந்ததாக இருக்கலாம். தவிர, 1990-களில் மின்கட்டமைப்பின் அதிர்வெண்ணே பல வேளைகளில் 50-க்குக் கீழே தொங்கியது. எனவே ஒன்று, இரண்டு சதவீத வேறுபாட்டை நம்பிக் கைவைக்க வேண்டாம். அதைவிட நம்பகமானது ஆர்மோனியம். ஒரே குழுவின், ஒரே ஆர்மோனியம் ஒலிக்கும் இரண்டு பதிவுகளில் சுருதி வேறுபட்டால், வேறுபாடு முழுச் சுரத்தானமாக இல்லாமல் இடையில் எங்கோ நின்றால், அது நாடாவின் வேலைதான்.

கணினி எதைக் கேட்கிறது

பாட்டை ஏறத்தாழ 93 மில்லிநொடித் துண்டுகளாக (22,050 ஹெர்ட்ஸில் 2,048 மாதிரிகள்) நறுக்கி, ஒவ்வொன்றிலும் சில எண்களை எடுக்கிறது. நமக்கு வேண்டியவை நான்கைந்துதான்.

ஒலியின் நிறத்தைச் சொல்வது எம்எஃப்சிசி. உடுக்கையையும் தவிலையும், முகவீணையையும் நாதஸ்வரத்தையும் பிரிப்பது இதுதான். ஒலியின் கூர்மையைச் சொல்வது நிறமாலை மையம்: கைத்தாளம், கைச்சிலம்பு ஓங்கிய இடத்தில் ஏறும், ஒப்பாரியில் இறங்கும். நொடிக்கு எத்தனை அடி விழுகிறது என்பது அடிச்செறிவு. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது வேகம், அதாவது பிபிஎம். எந்தச் சுரம் ஓங்கியிருக்கிறது என்பது குரோமா. இவற்றில் நம் பதிவுகளுக்கு அதிகம் உதவுபவை எம்எஃப்சிசியும் அடிச்செறிவும். பிபிஎம் ஆகக் குறைவாக உதவும்.

கண்ணால் பார்த்துப் பழக லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான 'சோனிக் விஷுவலைசர்' நல்ல கருவி. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் உருவான 'எசென்ஷியா' நூலகத்தில் இந்திய இசையின் ஆதார சுருதியைக் கண்டறியும் நிரல் தனியாகவே இருக்கிறது. கர்நாடக இசையையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் அவர்கள். பைத்தான் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் 'லிப்ரோசா' நூலகமே போதும்.

வேகத்தில் வரும் பிழைகள்

நிரல் எழுதாமல் வேகத்தை அளக்க 'மிக்ஸ்' என்னும் இலவச டிஜே மென்பொருள் போதும். தொகுப்பைச் சேர்த்து, இரவு அலச விட்டுவிடலாம். முடித்தவரை பதிவாகிவிடும், நடுவில் கரண்ட் போனாலும் மறுநாள் மிச்சத்தை மட்டும் ஓட்டலாம்.

முடிவை அப்படியே ஏற்காதீர்கள். முதல் பிழை இரட்டிப்பு: 75 என்று இருக்க வேண்டியது 150 ஆகும், 160 ஆக வேண்டியது 80 ஆகும். இரண்டாவது பிழை நம் இசைக்கே உரியது. திஸ்ர நடையில் மும்மூன்றாக விழும் அடியைக் கணினி இரண்டிரண்டாக எண்ணி, 90-ஐ 135 என்று சொல்லும். மிக்ஸில் பாட்டின் மேல் வலது கிளிக் செய்தால் பாதி, இரட்டி, மூன்றில் இரண்டு, இரண்டில் மூன்று என மாற்றும் வசதி இருக்கிறது. 135 என்று வந்ததை மூன்றில் இரண்டாக்கினால் 90 கிடைத்துவிடும். சந்தேகம் வந்தால் முப்பது நொடி கேட்டுக்கொண்டே தட்டுப் பொத்தானை அடியுங்கள். தொடையில் தாளம் போடும் கை எங்கே விழுகிறதோ அதுதான் வேகம்.

பம்பைக்கு இதுவும் போதாது. சாமி அழைக்கும்போது அடி நிதானமாகத் தொடங்கி, சாமி வந்ததும் இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். அந்தப் பதினைந்து நிமிடக் கோப்புக்கு ஒரே பிபிஎம் எழுதினால் அது எந்த இடத்துக்கும் பொருந்தாத சராசரி. மிக்ஸின் தட்டு கண்டறியும் அமைப்பில் 'வேகம் மாறாது என்று கொள்க' என்ற பொருளில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதோடு நீண்ட கோப்புகளை 30 நொடித் துண்டுகளாக்கி, தொடக்க வேகம், முடிவு வேகம் இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். '90-இல் இருந்து 170' என்ற குறிப்பைப் பார்த்தாலே பம்பைக்காரர்களுக்கு எந்தக் கட்டம் என்று தெரியும்.

சுருதிக்குக் கட்டையே சரி

மென்பொருள் 'சி மேஜர்', 'ஏ மைனர்' என்று எழுதும். ராகத்தில் ஓடும் நாதஸ்வரத்துக்கு மேஜர், மைனர் பொருந்தாது; அந்தப் பாதியை விட்டுவிட்டு ஆதார சுரத்தை மட்டும் எடுங்கள். சி என்றால் 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடைப்பட்ட ஷார்ப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பாடுபவர்களும் வாசிப்பவர்களும் இப்படித்தான் கேட்பார்கள்; டேக்கிலும் (கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பு) இப்படியே எழுதுங்கள்.

அடிக்கடி வரும் பிழை, பஞ்சமத்தை ஷட்ஜமம் என்று கொள்வது. சுருதிப் பெட்டியில் சாவும் பாவும் சேர்ந்தே ஒலிப்பதால் இப்படி ஆகிறது. ஒரே குழுவின் பத்துப் பதிவுகளில் எட்டு 2 கட்டை என்றும் இரண்டு 6 கட்டை என்றும் வந்தால் அந்த இரண்டையும் சுருதிப் பெட்டிச் செயலியோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

வரைபடம் போட்டுத் தேடுவது

ஒவ்வொரு கோப்பின் நடுவிலிருந்தும் 30 நொடி எடுங்கள். தொடக்கத்தை எடுக்க வேண்டாம். கூத்தில் அது ஆர்மோனியம் சுருதி சேர்க்கும் நேரம். 20 எம்எஃப்சிசி எண்களில் முதலாவது ஒலியளவைச் சொல்வது, அதை நீக்குங்கள். மிச்சம் 19-க்கும் சராசரியும் விலக்கமும் எடுத்தால் 38 எண்கள். நிறமாலை மையம், அடிச்செறிவு இரண்டையும் சேர்த்து ஒரு பாட்டுக்கு 40 எண். பிறகு இந்த 40-இல் ஒவ்வொரு எண்ணிலிருந்தும், எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து எடுத்த அதன் சராசரியைக் கழித்து விலக்கத்தால் வகுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஆயிரக்கணக்கில் வரும் நிறமாலை மையம் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

இந்த நாற்பதைத் தாளில் இரண்டு அச்சுகளுக்கு இறக்குவதற்கு டி-ஸ்னே (2008), யூமேப் (2018) என்ற முறைகள் பயன்படுகின்றன. இதற்கு முன்பே 2001-இல் வியன்னாவில் எலியாஸ் பம்பால்க் தம் ஆய்வேட்டில் இசைத் தொகுப்பைத் தீவுகளாக வரைந்து காட்டினார். ஒத்த பாட்டுகள் ஒரு தீவு, இடையில் கடல். யூமேப்பில் அண்டை எண்ணிக்கையை (ஒரு பாட்டுக்கு எத்தனை நெருங்கிய பாட்டுகளைப் பார்ப்பது) 15 என்று தொடங்குங்கள். சிறு குழுக்கள் தெரியும். 50 ஆக்கினால் பெரிய பிரிவுகள் தெரியும். நிரலே வேண்டாம் என்பவர்கள் அர்ஜென்டினாவில் உருவான 'ஆடியோஸ்டெல்லார்' என்ற இலவச மென்பொருளில் சிறு துண்டுகளைப் போட்டால் புள்ளிகளாக விரித்துக் காட்டும். புள்ளிமேல் சுட்டியை நகர்த்தினால் ஒலிக்கும். தனித்தனி உடுக்கை அடி, பம்பை அடிகளை அடுக்குவதற்கு அது மிகவும் ஏற்றது.

வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை நம்பலாம். இரண்டு தீவுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நம்பக் கூடாது. அது வரையும் முறையால் வருவது. 'இது மாதிரி வேறு என்ன இருக்கிறது' என்று தேடும்போது தாளில் உள்ள தூரத்தைப் பார்க்காமல் மூல 40 எண்களில் கணக்கிட்டு, நெருங்கிய 20 கோப்புகளை எடுங்கள். வீட்டு நெட்வொர்க்கில் 'லிரியான்' என்னும் இசை சர்வர் ஓட்டுபவர்களுக்கு 'பிளிஸ்' செருகுநிரல் இதே வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யும்.

சில கோப்புகள் எதைத் தேடினாலும் வந்து நிற்கும். பெரும்பாலும் இரைச்சல் மிகுந்த, எல்லாமும் கலந்த பதிவுகள் அவை. இதற்குத் தீர்வு இருபக்க நெருக்கம்: அ-வின் இருபதில் ஆ இருந்து, ஆ-வின் இருபதிலும் அ இருந்தால் மட்டும் சேருங்கள். பட்டியல் சுருங்கும், ஆனால் கேட்கத் தகுந்ததாக இருக்கும்.

வரைபடத்தை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பம்பை, கூத்து, நாதஸ்வரம், பஜனை, சினிமா என வகைக்குப் பத்துக் கோப்பை, நன்றாகத் தெரிந்தவையாகத் தேர்ந்து, எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பம்பை பத்தும் ஓரிடத்தில் விழவில்லையென்றால் கேசட் குணத்தைக் கழற்றும் கட்டத்துக்குத் திரும்பிப் போய் வெட்டு வரம்பையும் அறிவிப்புகளையும் சரிபாருங்கள்.

மொழியைக் கணினி இப்படிப் பிரிக்காது. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு பஜனையும் பாலக்கோட்டுத் தமிழ் பஜனையும் ஒரே தீவில்தான் நிற்கும். அது குறையில்லை. இரண்டு குழுக்களும் ஒரே ஆர்மோனியம், டோலக் வழக்கத்தில் வாசிப்பதை அப்போதுதான் பார்க்கிறோம்.

டேக் எழுதுவது

கண்டுபிடித்ததைக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். கணினி மாறினாலும் கோப்போடு போகும். மிக்ஸில் அளந்த வேகத்தையும் சுருதியையும் கோப்பு டேக்குக்கு ஏற்றுமதி செய்யும் கட்டளை இருக்கிறது. மிச்சத்தை 'எம்பி3டேக்' மென்பொருளில் மொத்தமாக எழுதலாம். பழைய கோப்புகளில் டேக் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், அவை தமிழ் ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி, பாமினி போன்ற முறைகளில் எழுதப்பட்டிருக்கலாம். அழித்துவிடாமல் எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாருங்கள். பதிந்த ஊரும் ஆண்டும் அதற்குள் இருக்கக்கூடும்.

தனியாக ஒரு புலத்தில் பயன்பாட்டை எழுதுங்கள்: சாமி அழைப்பு, கரகம், தேர் இழுப்பு, பெண் அழைப்பு, எருது விடும் விழா, துக்க வீடு. ஒலியிலிருந்து இதை எந்தக் கணினியும் எடுக்காது. ஆனால் கேட்டு வருபவர்கள் இதைச் சொல்லித்தான் கேட்பார்கள். சொற்களை முன்பே முடிவு செய்து பத்துப் பன்னிரண்டுக்குள் நிறுத்துங்கள். 'சாமி அழைப்பு', 'சாமி அழைத்தல்', 'அழைப்பு' என்று மூன்று விதமாக எழுதினால் தேடலில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

பிறகு 'மியூசிக்பீ' போன்ற பிளேயரில் தானியங்கிப் பட்டியல் அமைக்கலாம். கருவி பம்பை, பயன்பாடு சாமி அழைப்பு, வேகம் 90 முதல் 120 என்று நிபந்தனை கொடுத்தால், புதிதாகச் சேரும் கோப்பும் தானாக வந்து உட்காரும். மைக் செட்டுக்குப் பென் டிரைவில் எடுத்துப் போகும்போது கோப்புப் பெயரில் முன்னால் மூன்று இலக்க எண் சேருங்கள். பழைய ஆம்பிளிஃபயர்களின் யூஎஸ்பி பிளேயர் பலவும் தமிழ் எழுத்தைக் காட்டாது, எண் மட்டுமே கை கொடுக்கும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கட்டும்.

கூத்து, பம்பைப் பதிவுகளுக்கு வாசித்தவர், பாடியவர் பெயர், ஊர், திருவிழா, ஆண்டு ஆகியவற்றை வாத்தியார்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். வரைபடத்தின் ஒரு தீவை ஒலிக்கவிட்டால் 'இது இன்ன ஊர் செட்டு, மத்தளம் இன்னார்' என்று குரல் கேட்ட நொடியில் சொல்வார்கள். ஒரே அமர்வில் முப்பது கோப்புக்கு மேல் வேண்டாம். காது களைத்தால் ஊர் மாறிவிடும். இணையத்தில் ஏற்ற எண்ணினால் அந்தக் குழுவிடமோ குடும்பத்திடமோ முதலில் சம்மதம் கேளுங்கள், கிடைத்த சம்மதத்தையும் தேதியோடு அதே கோப்பின் குறிப்புப் புலத்தில் எழுதிவையுங்கள்.